காசு இருக்கிறது, கரண்டி பிடிக்க ஆள் இல்லை: இங்கிலாந்துக் கிராமங்களில் முதியோர் லஞ்ச் கிளப்புகள் மூடுவது ஏன்?

இங்கிலாந்தின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் சில வருடங்களாகவே ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது, ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். இத்தனை வருடமாக நடந்த முதியோர் லஞ்ச் கிளப் இந்த மாதத்தோடு நிற்கிறது என்று இரண்டு பத்தி, கூடவே போன கிறிஸ்துமஸில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு நீள மேசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தாத்தாக்களின் படம். கீழே வழக்கமான சண்டை: கவுன்சில், அதாவது உள்ளாட்சி, பணத்தை வெட்டிவிட்டது என்பார் ஒருவர், சுகாதார விதிகள் கழுத்தை நெரிக்கின்றன என்பார் இன்னொருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் மேல் அக்கறை இல்லை என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். நம் ஆட்கள் இதைப் பகிரும்போது குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது. அன்னதானமா, மெஸ்ஸா, முதியோர் இல்லமா, எது மூடுகிறது என்றே தெரியாமல் பாதிப் பேர் வருத்தப்படுகிறார்கள்.

அடிப்படையிலிருந்து போகலாம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பணமும் விதிகளும் காரணத்தில் ஒரு சிறு பங்குதான். பெரிய காரணம் வயது, அதுவும் சாப்பிட வருகிறவர்களின் வயதைவிடப் பரிமாறுகிறவர்களின் வயது.

லஞ்ச் கிளப் என்றால் என்ன

வாரத்தில் ஒரு நாள், சில ஊர்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள், ஊர்ப் பொதுமண்டபத்திலோ சர்ச் கூடத்திலோ இருபது முப்பது முதியவர்கள் சேர்ந்து மதியம் சாப்பிடுவது. சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, வண்டி ஓட்டிக் கூட்டிவருவது எல்லாம் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். சாப்பிடுபவர் காசு கொடுக்கிறார். பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு பவுண்டுக்குள் முடிந்துவிடும். அதற்கு ஒரு முக்கிய உணவு, ஒரு இனிப்பு, டீ.

எது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், குழப்பமே அங்கேதான்.

1. இது அன்னதானம் இல்லை. காசு வாங்குவது லாபத்துக்காக இல்லை, வருகிறவர் தலைநிமிர்ந்து வரவேண்டும் என்பதற்காக. "இலவசம்" என்று போர்டு வைத்தால் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

2. இது பகல் நேரக் காப்பகம் இல்லை. அங்கே சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர்கள் இருப்பார்கள், கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் மருந்து கொடுப்பதும் அவர்கள் வேலை. லஞ்ச் கிளப்புக்கு வருகிறவர் ஓரளவு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவராக இருக்க வேண்டும்.

3. இது 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' இல்லை. அதில் சாப்பாடு வீட்டுக்குப் போகும். இதில் ஆள் சாப்பாட்டைத் தேடி வருகிறார். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம், பின்னால் வண்டி பற்றிப் பேசும்போது இதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

காலை பத்து மணிக்கு அந்தச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் நம்மூர்க் கல்யாண மண்டபத்தின் பின்கட்டை மிகச் சின்னதாக ஆக்கிவைத்த மாதிரி இருக்கும். நாலு பேர் மேசையைச் சுற்றி உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். ஓவனில் காட்டேஜ் பை, அதாவது கொத்துக்கறி மேல் மசித்த உருளைக்கிழங்கு பரப்பி மேல்பக்கம் சிவக்கும்வரை வைப்பது. இன்னொரு தட்டில் ஆப்பிள் கிரம்பிள், பக்கத்துப் பாத்திரத்தில் அதற்கு ஊற்ற மஞ்சள் கஸ்டர்ட். தட்டுகளைக்கூடச் சூடுபண்ணி வைப்பார்கள், ஆறின தட்டில் சோற்றைப் போடுவது அங்கே மரியாதைக் குறைவு மாதிரிதான். பன்னிரண்டரைக்குச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் ஜன்னல் கதவு மேலே போகும், தட்டுகள் வரிசையாக வெளியே வரும். சாப்பாடு முடிந்ததும் ரேஃபிள் குலுக்கல். போன வாரம் ஜெயித்த குளியல் சோப்புப் பெட்டியையே இந்த வாரப் பரிசாகக் கொண்டுவந்து வைக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது

இரண்டாம் உலகப் போர். 1938இல் லேடி ரீடிங் என்ற ஸ்டெல்லா ஐசக்ஸ் தலைமையில் பெண்களின் தன்னார்வச் சேவை அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது, ஆங்கிலச் சுருக்கத்தில் டபிள்யூ.வி.எஸ். முதல் வேலை விமானத் தாக்குதலுக்கு எதிரான தயாரிப்பு. போர் வந்ததும் குழந்தைகளை ஊர்விட்டு ஊர் அனுப்புவது, குண்டு விழுந்த இடத்தில் டீ கொடுப்பது, கூட்டுச் சமையல் என்று எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. 1943இல் லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷரில் வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்' என்ற பெயரில் உள்ளாட்சி நடத்திய மலிவுச் சாப்பாட்டுக் கூடங்கள் நாடு முழுக்க 2,000க்கு மேல் இருந்தன. முதலில் வைத்த பெயர் 'சமூக உணவளிப்பு மையம்' என்ற தோரணையில் இருந்ததாம், சர்ச்சிலுக்கு அது பிடிக்காமல் மாற்றச் சொன்னார். நியாயம்தான், அந்தப் பெயரில் யாருக்குப் பசிக்கும்.

இப்போது முக்கியமான திருப்பம். போர் முடிந்து 1948இல் தேசிய உதவிச் சட்டம் வந்தது. அதன் 31ஆம் பிரிவு, முதியவர்களுக்குச் சாப்பாடோ பொழுதுபோக்கோ ஏற்பாடு செய்யும் தன்னார்வ அமைப்புகளுக்கு உள்ளாட்சி பணம் கொடுக்கலாம் என்றது. கவனியுங்கள், கொடுக்கலாம் என்றுதான் இருந்தது. உள்ளாட்சியே நேரடியாகச் சமைத்துப் போட 1962இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஆக முதல் பதினான்கு வருடம் இந்த நாட்டில் முதியவர் சாப்பாடு என்றால் தன்னார்வலர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அரசு செய்யத் தவறியதை ஊர்க்காரர்கள் ஈடுகட்டினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ்: சம்பளமில்லாத கைகள் எப்போதும் இருக்கும் என்று நம்பித்தான் திட்டமே கட்டப்பட்டது.

அந்தக் கைகள் யாருடையவை? பகலில் வீட்டில் இருந்த நடுவயதுப் பெண்கள். இதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

கவுன்சிலுக்குக் கடமை இல்லையா?

அரைகுறையாக உண்டு. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பராமரிப்புத் தேவை வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவும் சேவைகளை உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் லஞ்ச் கிளப் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. படுக்கையில் விழுந்தவருக்குப் பராமரிப்பு கொடுப்பது கட்டாயம், விழாமல் தடுப்பது பொதுவான கடமை. கையில் காசு குறைந்தால் எது முதலில் போகும் என்று சொல்லவா வேண்டும். 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் மாநகர் மாதிரி ஒரு பெரிய உள்ளாட்சியே கட்டாயமல்லாத புதுச் செலவுகளுக்குத் தடை போடும் 114ஆம் பிரிவு அறிவிப்பைக் கொடுத்தது. இப்படியான நேரத்தில் லஞ்ச் கிளப் மானியம் பட்டியலின் அடியில்தான் இருக்கும்.

ஆனால் கிராமத்துக் கிளப்புகளில் பல கவுன்சில் பணத்தை நம்பியே இருந்ததில்லை. அதனால்தான் "கவுன்சில் வெட்டியது" என்ற விளக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

விதிகள் அவ்வளவு கடினமா

எனக்கென்னவோ இல்லை என்றுதான் படுகிறது. தொந்தரவு உண்டு, மூடும் அளவுக்கு இல்லை. உண்மையில் கேட்பது இவ்வளவுதான்:

1. பதிவு. ஒழுங்காக, தொடர்ந்து சமைத்துப் போடும் எவரும் தொடங்குவதற்கு 28 நாள் முன்பு உள்ளாட்சியில் பதிய வேண்டும். கட்டணம் கிடையாது, பதிவை மறுக்கவும் முடியாது. வருடத்துக்கு ஒருமுறை சர்ச் விழாவில் கேக் விற்பவருக்கு இது பொருந்தாது.

2. சூடு. சூடாகப் பரிமாறும் உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. குளிரில் வைப்பது 8 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வெந்துவிட்டதா என்று பார்க்க நடுவில் 75 டிகிரி 30 விநாடி, அல்லது 70 டிகிரி 2 நிமிடம் என்பது பொதுவான அளவு. ஒரு நீள ஊசி வைத்த தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, ஒரு பேனா. காட்டேஜ் பையின் நடுவில் ஊசியைக் குத்தி எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நாற்பது வருடமாகச் சமைத்த ஒரு அம்மாவிடம் இதைச் செய்யச் சொன்னால் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், ஆனால் முதியவர்களுக்கு உணவு நஞ்சானால் அது இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போவதில்லை.

3. ஒவ்வாமை. செலரி, கடுகு, எள், பால், முட்டை, பசையம் உள்ள தானியங்கள் என்று 14 பொருள்கள் சட்டத்தில் உள்ளன. எந்த உணவில் எது இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் மாட்டுவது சூப்புக்கட்டியில், அதில் செலரி ஒளிந்திருக்கும். நம் ஆட்களுக்கும் இது பொருந்தும்: லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் தமிழ் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவர்களுக்கும் இதே சட்டம்தான், சாதாரண சாம்பாரிலேயே தாளித்த கடுகு ஒன்று, கட்டிப் பெருங்காயத்தில் கலக்கும் கோதுமை மாவு இன்னொன்று. நல்லெண்ணெய் விட்டால் எள்ளும் சேர்ந்துவிடும். சோற்றையும் சும்மா விடக்கூடாது: வெந்த சோறு வெளியே ஆறிக்கிடந்தால் அதில் வளரும் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

4. ஆள் சரிபார்ப்பு. டி.பி.எஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை எல்லாருக்கும் கட்டாயம் என்று பல கிளப்புகளே தவறாக நினைக்கின்றன. தட்டை நீட்டுவது வேறு. வயதாலோ நோயாலோ தானாகச் சாப்பிட முடியாதவருக்கு ஊட்டிவிடுவது வேறு. இரண்டாவதுதான் சட்டம் கூர்ந்து பார்க்கும் வேலை. தன்னார்வலர் என்றால் இந்தச் சோதனைக்கு அரசுக் கட்டணமும் இல்லை.

ரேஃபிளுக்குக்கூட லைசென்ஸ் வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூடத்திலேயே டிக்கெட் விற்று நிகழ்ச்சியின் ஓர் அங்கமாக நடத்தினால் 2005 சூதாட்டச் சட்டத்தின்படி தேவையில்லை. சோப்புப் பெட்டி பத்திரமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இது புரிவதற்கான உதாரணக் கணக்கு, எந்தக் குறிப்பிட்ட கிளப்புடையதும் இல்லை. 30 பேர், தலைக்கு 6 பவுண்டு, வரவு 180. சாமான் தலைக்கு 3 பவுண்டு என்றால் 90. மண்டப வாடகை நாலு மணி நேரத்துக்கு 40. பெட்ரோல் 25. டீத்தூள், சோப்பு, டிஷ்யூ என்று ஒரு 10. மொத்தச் செலவு 165, கையில் 15 பவுண்டு மிச்சம். ரேஃபிள் காசு தனி. சின்னக் கிளப் என்றாலும் வருடக் கடைசியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி வாங்கும் அளவு சேர்ந்துவிடும்.

இப்போது அதே வேலைக்குச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். ஆறு பேர், நாலு மணி நேரம், மொத்தம் 24 மணி நேரம். 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. கூலி மட்டும் 293 பவுண்டு. ஆறு பவுண்டுச் சாப்பாடு ஒரே நொடியில் 15 பவுண்டைத் தாண்டிவிடும். 2025–26இல் முழுப் புதிய அரசு ஓய்வூதியமே வாரத்துக்கு 230.25 பவுண்டு, அதில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 15 கொடு என்றால் யாரும் வரமாட்டார்கள்.

அதாவது தட்டில் இருக்கும் பொருள்களில் விலை அதிகமானது கறியும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. ஆளின் நேரம். அது இலவசமாகக் கிடைத்தவரை கணக்கு நின்றது, அது போனால் எந்த மானியம் வந்தாலும் ஓட்டையை அடைக்க முடியாது.

வண்டி: யாரும் பேசாத முடிச்சு

இங்கிலாந்தில் முதியவர்களுக்குப் பேருந்து இலவசம். ஆனால் கிராமத்தில் பேருந்து வரவேண்டுமே. வார நாளில் காலை 9.30க்குப் பிறகு செல்லும் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு இரண்டு தடவை மட்டும் எட்டிப்பார்க்கும் பேருந்துக்காக யாரும் நிற்க முடியாது. கார் ஓட்டுவதை நிறுத்திய எண்பத்தைந்து வயதுக்காரர் கிளப்புக்கு வருவது யாரோ ஒருவர் வாசலில் ஹாரன் அடித்தால்தான்.

தன் காரில் நாலு பேரைக் கூட்டிவருவதில் பெரிய சட்டச் சிக்கல் கிடையாது. ஓடின செலவுக்கு மேல் வாங்காதவரை டாக்ஸி லைசென்ஸ் தேவையில்லை, காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. சிக்கல் மினிபஸ்ஸில்.

1. 1997 ஜனவரி 1க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு டி1 என்ற மினிபஸ் உரிமை கூடவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்தவர்களுக்கு வரவில்லை.

2. பிறகு எடுத்தவர்களும் சில நிபந்தனைகளோடு ஓட்டலாம்: 21 வயது ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமாவது இருக்க வேண்டும், காசு வாங்கக்கூடாது, வண்டி 3.5 டன்னைத் தாண்டக்கூடாது, மாற்றுத்திறனாளிகளை ஏற்றும் கருவி இருந்தால் 4.25 டன்வரை. புதிய வண்டிகள் சக்கர நாற்காலித் தூக்கியோடு கனமாகவே வருகின்றன, வரம்பை ஒட்டியே நிற்கும்.

3. முதல் வகையினருக்கும் 70 வயதானால் டி1 தானாக நீடிக்காது, மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும்.

1996 கடைசியில் 17 வயதில் லைசென்ஸ் எடுத்த பையனுக்கே இன்று நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவன் பகலில் வேலையில் இருப்பான். பகலில் ஓய்வாக இருப்பவர் எழுபதை நெருங்குகிறார், இன்னும் சில வருடத்தில் டாக்டரிடம் போய் நிற்க வேண்டும், பலர் "போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஒரு ஓட்டுநர் நின்றால் எட்டுப் பத்துச் சாப்பாட்டுக்காரர்கள் அன்றைக்கே குறைகிறார்கள். அந்த எட்டுப் பேரின் 48 பவுண்டு குறைந்ததும் மேலே போட்ட கணக்கு சிவப்பில் போய்விடும்.

கரண்டி பிடித்தவர்கள் எங்கே போனார்கள்

மறந்துவிடாதீர்கள் என்று சொன்ன இடத்துக்கு வந்தாயிற்று.

பல பத்தாண்டுகளாகப் பிரிட்டனில் பெண்களுக்கு அரசு ஓய்வூதிய வயது 60, ஆண்களுக்கு 65. அறுபதில் ஓய்வு பெற்ற பெண்ணுக்குக் கையில் பென்ஷன், உடம்பில் தெம்பு, நாள் முழுக்க நேரம். லஞ்ச் கிளப்பின் முதுகெலும்பு இவர்தான். பத்து வருடம் சமைப்பார், எழுபதில் ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவார், அடுத்த அறுபது வயதுக்காரி உள்ளே வருவார். ஒரு சுழற்சி.

1995இல் ஒரு சட்டம், 2011இல் அதை வேகப்படுத்த இன்னொன்று. பெண்களின் ஓய்வூதிய வயது 2010 முதல் படிப்படியாக ஏறி 2018 நவம்பரில் 65ஐத் தொட்டது. 2020 அக்டோபரில் இருபாலருக்கும் 66. 2026 முதல் 2028க்குள் 67. 'வாஸ்பி' பெண்கள் என்று செய்தியில் அடிபடுகிறார்களே, 1950களில் பிறந்து இந்த மாற்றத்தில் மாட்டிக்கொண்டவர்கள், அவர்கள் தகராறு பென்ஷன் பணம் பற்றியது. ஆனால் அதே மாற்றம் ஊர் மண்டபச் சமையலறையிலிருந்து ஆறு ஏழு வருடத்து ஆள்பலத்தை உருவிக்கொண்டு போனது. அறுபத்து மூன்று வயதுப் பெண் செவ்வாய்க்கிழமை மதியம் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்கிறார். வேலை இல்லாத நாளில் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், அங்கே குழந்தைகள் காப்பகக் கட்டணம் அப்படி. இன்னொரு பக்கம் அவருடைய அம்மாவுக்கே எண்பத்தெட்டு.

இதற்கு மேல் கொரோனா. 2020 மார்ச்சில் 70 வயதைத் தாண்டியவர்கள் குறிப்பாக ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அரசு சொன்னபோது கிளப்பில் இரண்டு பக்கமும் காலியானது, சாப்பிடுபவரும் அந்த வயது, சமைப்பவரும் அந்த வயது. திரும்பத் திறந்தபோது சமைத்தவர்களில் சிலர் வரவில்லை. இரண்டு வருடம் ஓய்ந்த முட்டி மறுபடி பெரிய பாத்திரம் தூக்கச் சம்மதிக்காது. இங்கிலாந்தின் அரசுக் கணக்கெடுப்பில் மாதம் ஒருமுறையாவது ஓர் அமைப்பின் மூலம் தன்னார்வ வேலை செய்கிறவர்கள் 2019–20இல் 23 சதவீதம், 2021–22இல் 16 சதவீதம்.

கடைசியில் விழுவது பெரும்பாலும் செயலாளர் பதவி. உருளைக்கிழங்கு சீவ ஆள் எப்படியும் கிடைப்பார், ஆனால் பதிவு, காப்பீடு, மண்டப முன்பதிவு, வங்கிக் கையெழுத்து, யார் வருகிறார் யார் வரவில்லை என்று திங்கட்கிழமை இரவு போன் போட்டுக் கேட்பது, இதையெல்லாம் ஒரே ஆள் இருபது வருடமாகச் செய்திருப்பார். அவர் விலகுகிறேன் என்றதும் கூட்டத்தில் எல்லாரும் தங்கள் காலணியைப் பார்ப்பார்கள். சங்கத்தில் பொருளாளர் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூடினால் யாருக்கு என்ன

வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. வாரத்தின் 21 வேளையில் ஒன்று.

தனியாக இருக்கும் வயதானவர் தனக்கென்று ஒரு ஆளுக்குச் சமைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறார், டீயும் ரொட்டியும் பிஸ்கட்டுமாக நாள் ஓடும். புரதம் குறைகிறது, தசை கரைகிறது, நடை தளர்கிறது, ஒரு நாள் கம்பளத்தில் கால் தடுக்கி விழுகிறார். பிரிட்டனில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் ஊட்டக்குறைவில் அல்லது அதன் விளிம்பில் இருப்பதாக அங்கே பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வாரத்தில் ஒரு நல்ல சாப்பாடு மட்டும் இதைத் தடுத்துவிடாது. தடுப்பது அங்கே இருக்கும் கண்கள். போன மாதம் இறுக்கமாக இருந்த சட்டைக் கழுத்து இப்போது தொளதொளக்கிறது, பல்செட் சரியில்லாமல் கறியை ஒதுக்கிவைக்கிறார், ஒரே கதையை ஒரே சாப்பாட்டுக்குள் மூன்று தடவை சொன்னார், இதையெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிடுவார். அப்புறம் காலி நாற்காலி. பன்னிரண்டரைக்கு ஆள் வரவில்லை என்றால் முக்கால் மணிக்குள் யாராவது வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து இதை இதே மாதிரி செய்வது சுலபமில்லை.

இங்கே ஒரு வேடிக்கையும் நடக்கிறது. 2018 ஜனவரியில் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தது, டிரேசி கிரவுச் முதலாமவர். கொலையுண்ட எம்.பி. ஜோ காக்ஸ் தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி அது. அடுத்த வருடத் தேசிய மருத்துவச் சேவைத் திட்டத்தில் 'சமூகப் பரிந்துரை' என்ற ஏற்பாடு பெரிதாக வந்தது: மாத்திரையால் தீராத தனிமையோடு டாக்டரிடம் வருகிறவரை, இணைப்புப் பணியாளர் ஒருவர் ஊரில் நடக்கும் குழுக்களோடு சேர்த்துவிடுவார். நல்ல யோசனை, இணைப்புப் பணியாளருக்குச் சம்பளமும் உண்டு. அவர் அனுப்பும் இடம் எது? பல நேரம் அதே லஞ்ச் கிளப். பரிந்துரை எழுதுகிறவருக்குப் பணம் ஒதுக்கியாயிற்று, பரிந்துரைக்கப்பட்ட உருளைக்கிழங்கைச் சீவுகிறவர் எழுபத்து மூன்று வயதில் இலவசமாகவே சீவிக்கொண்டிருக்கிறார், இப்போது கூடுதலாக மூன்று தட்டுக்கு.

தாக்குப்பிடிக்கும் கிளப்புகள் என்ன செய்கின்றன

பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

1. வாரம் ஒன்றை மாதம் ஒன்றாகக் குறைப்பது. கிளப் பிழைக்கும், ஆனால் மேலே சொன்ன 'கண்கள்' வேலை பெரும்பாலும் போய்விடும். நாலு வாரத்தில் ஒரு மனிதருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். என்னைக் கேட்டால் இது பாதி மூடியதுதான்.

2. சமையலை விட்டுவிட்டு, ஒன்றுகூடிச் சாப்பிடுவதை மட்டும் வைத்துக்கொள்வது. ஊர் பப்பில் கூட்டம் இல்லாத நாளில் ஒரு விலை பேசி மேசை பிடிக்கிறார்கள், அல்லது வெள்ளிக்கிழமை ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கிவந்து மண்டபத்தில் தட்டில் போடுகிறார்கள். தெர்மாமீட்டர் நோட்டின் சுமை பாதியாகக் குறையும். விலை கொஞ்சம் ஏறும்.

3. செயலாளர் வேலையை உடைப்பது. ஒருவர் போன் மட்டும், ஒருவர் வங்கி மட்டும், ஒருவர் வண்டிப் பட்டியல் மட்டும். போன் வேலையை வேலைக்குப் போகிறவரும் இரவில் செய்யலாம். எல்லாவற்றிலும் அதிகம் பலன் தருவது இதுதான் என்று தோன்றுகிறது, ஆனால் இருபது வருடம் ஒற்றை ஆளாக நடத்தியவர் சாவிக்கொத்தைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும், அது தனிக் கதை.

4. சாப்பிட வருகிறவர்களை வேலைக்குள் இழுப்பது. தொண்ணூறு வயதுக்காரர் நின்றுகொண்டு பெரிய பாத்திரம் கழுவ முடியாது, உட்கார்ந்து பட்டாணி உரிக்கலாம், கத்தி முள்கரண்டியைக் காகிதத்தில் சுற்றலாம். வாங்குகிறவர், கொடுக்கிறவர் என்ற கோடு அழிவதும் நல்லதுதான்.

மூடும் நாளில் நடப்பது

கிளப்பின் விதிகளில் கலைப்பு பற்றி ஒரு பத்தி இருக்கும். உறுப்பினர் கூட்டம் போட்டு வாக்கெடுக்க வேண்டும், கடன் இருந்தால் தீர்க்க வேண்டும், மிச்சத்தை ஒத்த நோக்கமுள்ள வேறு தொண்டு அமைப்புக்குக் கொடுக்க வேண்டும், உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக்கூடாது. வருட வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டி, தொண்டு ஆணையத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடைசிக் கூட்டத்தில் பொருளாளர் வாசிக்கும் கணக்கில் பல நேரம் சில நூறு பவுண்டு மீதி இருக்கும், அதை ஏர் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்கோ பக்கத்து ஊர்க் கிளப்புக்கோ கொடுக்கத் தீர்மானம் போடுவார்கள். தட்டுகள் மண்டபத்து அலமாரியிலேயே இருக்கும், முப்பது பெரிய தட்டு, முப்பது கிண்ணம், தெர்மாமீட்டரும் பாதி எழுதிய நோட்டும் அதே அலமாரித் தட்டில்.